இரவல் தாய்மாமன்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் ஈ.சி.ஆர். சாலையில், எங்கள் ஊருக்குத் திரும்பும் முனையில்தான் எல்லோரும் பேனர் கட்டுவார்கள். காதுகுத்தானாலும் கண்ணீர் அஞ்சலியானாலும் அதே இரண்டு சவுக்குக் கழிகள்தான். கொரோனா வருவதற்கு முந்தைய வருஷம், மாசி மாதத்தில், அங்கே ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் கட்டினார்கள். நடுவில் ஆள் உயரத்துக்குக் கைகூப்பியபடி வேல்முருகன். வலப்பக்கம் மீசையில் கை வைத்தபடி ராஜாங்கம். அவர் படத்தின் கீழே ‘தாய்மாமன்’ என்று எழுதியிருந்தது. கீழ் மூலையில், தட்டு அளவு வட்டத்துக்குள், யாருக்கு விழாவோ அந்தப் பெண். வேல்முருகனின் மகள் பூவிழி. பதிமூன்று வயது.

ராஜாங்கம் அவளுக்குத் தாய்மாமன் இல்லை. ஒன்றுவிட்ட மாமனும் இல்லை. ஒரே சாதி என்பதைத் தவிர அந்த வீட்டுக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. பேனரில் கிழமையும் தப்பு. வெள்ளிக்கிழமை விழாவுக்கு ஞாயிறு என்று அச்சடித்திருந்தார்கள். வேல்முருகனிடம் சொன்னேன். “அத யாரு பெரியப்பா படிக்கிறாங்க? போட்டோ நல்லா விழுந்திருக்குதா, அத சொல்லுங்க” என்றான். அந்த ஒரு விஷயத்தில் அவன் கணக்குச் சரி. யாரும் படிக்கவில்லை.

வேல்முருகன் உப்பு லோடுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் தரகன். உப்புப் பாத்திக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்தவன் இல்லை. கேட்பவர்களிடம் ‘சால்ட் லைன்ல இருக்கோம்’ என்பான். அந்த வருஷம் அவனுக்கு வார்டு உறுப்பினர் ஆசை வந்தது. உடனே செய்தது இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டதுதான். மூன்றாவதாக ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஊருக்கு மேற்கே உள்ள உப்பளங்களில் பாதியை ராஜாங்கம் குத்தகைக்கு எடுத்திருந்தார். உப்பு வாருகிற பெண்களில் பாதிப் பேர் அவரிடம் கூலி வாங்குகிறவர்கள். ஓட்டு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க அவ்வளவு அறிவு போதும். வேல்முருகனிடம் இருந்ததும் அவ்வளவுதான்.

உண்மையான தாய்மாமன் சகாதேவன். வேல்முருகன் மனைவி ரேணுகாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ராஜாங்கத்தின் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். பூவிழி வயதுக்கு வந்த அன்று தென்னை ஏறிப் பச்சை ஓலை வெட்டி, வீட்டுக்குப் பின்னால் குச்சு கட்டியவன் அவன்தான். முதல் தண்ணீர் ஊற்றியது அவன் மனைவி. வீட்டுக்குப் பின்னால் நடக்கிற சடங்குக்குச் சொந்த மாமன் போதும். மண்டபத்துக்கு அவன் போதவில்லை.

இதில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. மண்டபத்தில் பெண்ணுக்கு மாலை போட்டு, சீர்த்தட்டு வைத்து, கைப்பிடித்து மணையில் உட்கார வைக்கிற தாய்மாமனுக்கு அவள்மேல் ஒரு சொல் உண்டு. பிற்பாடு அவளை யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் அவனைக் கேட்க வேண்டும். அவனுக்கு மகன் இருந்து, ‘என் மகனுக்கு வேண்டும்’ என்று அவன் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக வேண்டியதுதான். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தைக் கால் தூசியாக மதிக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் இதற்கு மட்டும் பயப்படுவார்கள். சகாதேவனுக்கு இரண்டும் பெண்கள். ராஜாங்கத்துக்கு ஒரே பையன். இரவல் சட்டை போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பதுபோல, ஒரு நாளைக்கு ஒரு மாமனை இரவல் வாங்கலாம் என்று வேல்முருகன் நினைத்தான். சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இது அப்படி இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் தேர்தல் பக்கத்தில் இருந்தது.

விழா அன்று மண்டப வாசலில் மொய் எழுத உட்கார்ந்திருந்தவன் நான். ராஜாங்கம் பேண்டு வாத்தியத்தோடு வந்தார். தட்டுகளை ஒரு மினி லாரியில் அடுக்கி, அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். சகாதேவன் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கி, ஒரே ஒரு தட்டைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். யாரும் அவனை அங்கே போகச் சொல்லவில்லை. அதை நான் அன்றே கவனித்தேன்.

மேடையில் பூவிழி கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். அந்த வயதில் அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெரிய ஆள் சகாதேவன்தான். ஞாயிற்றுக்கிழமை அவளை டி.வி.எஸ்.ஸில் மரக்காணம் கூட்டிப்போய் பரோட்டா வாங்கிக் கொடுப்பவன். வகுப்பில் யாராவது சீண்டினால் ‘எங்க மாமா வரட்டும்’ என்று சொல்லுவாளாம். ராஜாங்கம் மாலையோடு நெருங்கியதும் அவள் அம்மாவின் முந்தானையை இழுத்துக் கேட்டாள்.

“மாமா எங்கம்மா?”

ரேணுகா சிரித்த முகம் மாறாமல் ராஜாங்கத்தைக் காட்டினாள். “இதோ நிக்கிறாரே.”

வீடியோக்காரன் விளக்கு அவள்மேல் இருந்தது. வேறு என்ன சொல்லுவாள்? அன்று அவள் கட்டியிருந்த பட்டும் ராஜாங்கம் வைத்த தட்டில் வந்ததுதான்.

வேல்முருகன் அந்தத் தேர்தலில் நின்றான். தன் சொந்தத் தெருவிலேயே தோற்றான்.

பூவிழி அன்று பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். அப்பா ராஜாங்கத்தோடு சேர்ந்துகொண்டு மாமாவை அவமானப்படுத்திக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார், மாமா தனக்காகப் பொறுத்துக்கொண்டார் என்பது அவள் முடிவு. அதை ஆறு வருஷம் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பனோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. வீட்டில் மீன் குழம்பு வைத்தால் ஒரு தூக்கில் மாமனுக்குப் போகும். அதை எடுத்துக்கொண்டு வெயிலில் மோட்டார் ஷெட் வரை நடப்பாள்.

அந்த மோட்டார் ஷெட் எப்படி வந்தது என்று அவள் ஒரு முறையும் யோசிக்கவில்லை. அளத்தில் நிழல்தான் பதவி. மற்றவர்கள் கண் கூசும் வெயிலில் உப்பு வாரித் தலையில் கூடை சுமக்கும்போது, போர் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றுகிற மோட்டாரைப் போட்டுவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஃபேன் காற்றில் கட்டிலில் கிடப்பவன் மோட்டார்க்காரன். மாசியில் விழா நடந்தது. பங்குனியில் சகாதேவன் அந்தக் கட்டிலில் இருந்தான். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடக் காரணம் தெரியும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சகாதேவன் எப்படிச் சொல்வான்? அவன் அநியாயத்துக்கு ஆளானவன் வேஷத்தை நன்றாகச் செய்தான். குழம்பைச் சாப்பிட்டு முடித்து, “எனக்கென்ன கண்ணு, நீ நல்லா இருந்தா போதும்” என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அந்தத் துண்டு நனைந்து நான் பார்த்ததில்லை.

பூவிழி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வந்து இரண்டு வருஷம் லேப் டெக்னீஷியன் படித்தாள். படிப்பு முடிந்த கையோடு அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆடி முதல் வாரம் சேர வேண்டும், தங்க ஹாஸ்டல் உண்டு. அவளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ராஜாங்கத்துக்குத் தான் தாய்மாமன் என்பது ஞாபகம் வந்தது.

அவருடைய பையன் மணிகண்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனைக் கெட்டவன் என்று சொன்னால் அது அவனுக்கு மரியாதை. கெட்டுப்போவதற்கும் கொஞ்சம் முயற்சி வேண்டும். கூனிமேட்டுக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் நடுவே புல்லட்டில் போவதும் வருவதும்தான் அவன் தொழில். பகல் சாப்பாட்டுக்கு முன்பே குடித்திருப்பான். இரண்டு இடத்தில் நிச்சயம் வரை போய் நின்றுவிட்டது. உப்பளத்துக்காரன் பையன் என்றாலே இப்போது பெண் கிடைப்பதில்லை. எல்லாப் பெண்களும் படிக்கிறார்கள். ராஜாங்கம் சுற்றும் முற்றும் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன் மாலை போட்டு வைத்த பெண் ஒன்று கையோடு இருந்தது. ‘முறை செஞ்சவன் நான், என் பையனுக்குப் பேசணும், ஆனி முடியறதுக்குள்ள ஒரு நாள் பாரு’ என்று சொல்லி அனுப்பினார்.

வேல்முருகனுக்குக் கைகால் ஓடவில்லை. ராஜாங்கம் ஒரு சீசன் லோடை நிறுத்தினால் அவன் தரகு முடிந்தது. இரண்டு நாள் வெளியே வராமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பெரிய இடம் தேடி வருது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். ரேணுகா மகளிடம், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகலாம் என்றாளாம். அந்த வீட்டு மருமகள் ரத்தம் எடுக்க ஊசியோடு பஸ்ஸில் போவதை ரேணுகாவே நம்பியிருக்க மாட்டாள்.

பூவிழி பயப்படவில்லை. அதற்குக் காரணம், அவளுக்கு மாமன் இருந்தான் என்பதுதான். அந்த மண்டபத்து மாலை பொய், உண்மையான சொல் சகாதேவனுடையது. அவன் நாலு பேர் முன்னால் ‘நான்தான் மாமன், நான் குடுக்கல’ என்று சொன்னால் ராஜாங்கத்தின் உரிமை அந்த நிமிஷமே போய்விடும். இந்த வழக்கத்தை அவள் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தாள். பெண் பேச வருவதற்கு முதல் நாள் மோட்டார் ஷெட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஒரு வார்த்தைதான் மாமா, எல்லார் முன்னாடியும் நீங்க சொன்னா போதும் என்று கேட்டிருக்கிறாள். அவன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே, “சொல்லாம? என்ன மீறி எவன் உன்ன கேட்டுட்டு போறான், பாத்துடலாம்” என்றானாம். அவள் வீட்டுக்கு வந்து சர்டிபிகேட்டுகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேல்முருகன் வீட்டு ஹாலில் வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரிய மனிதர்கள் என்று பத்துப் பேரைக் கூப்பிட்டிருந்தான். வயதாகி இன்னும் சாகாமல் இருப்பதைத் தவிர எங்களில் பலருக்கு வேறு தகுதி கிடையாது. நடுநாயகமாக ஜெயசீலன். என்னைவிட நாலு வயது சின்னவன். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் முறை சொல்லுகிறவன், கேட்காவிட்டாலும் சொல்லுகிறவன். ஜெயசீலனுக்குப் பக்கத்தில் ராஜாங்கம். மணிகண்டன் கதவோரம் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சகாதேவன் சுவரை ஒட்டிய நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தான். ரேணுகா வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பூவிழி. தட்டு கை மாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஜெயசீலன் தொண்டையைக் கனைத்து, முறை செய்தவர் கேட்கிறார், ஆனாலும் கூடப்பிறந்த மாமன் என்று ஒருவன் இருப்பதால் அவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றான். எல்லோரும் சகாதேவனைப் பார்த்தார்கள். பூவிழி அம்மாவைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டாள். அந்த மாதிரிப் பேச்சில் பெண் கூப்பிடாமல் வரக் கூடாது. அவள் முகத்தில் அப்போதும் சிரிப்பு இருந்தது.

“சொல்லுங்க மாமா.”

சகாதேவன் தரையின் டைல்ஸைப் பார்த்தான். “அண்ணன் சொல்றதுதான். பையன் ஒண்ணும் மோசமில்ல.”

“நேத்து என்ன சொன்னீங்க?”

ராஜாங்கம்தான் பதில் சொன்னார். அவருக்குக் கோபம்கூட இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “அவன் என்னம்மா சொல்லுவான்? அன்னிக்கு மண்டபத்துக்கு முன்னாடியே என்கிட்ட வந்து, ‘நீங்களே மாமனா நில்லுங்கண்ணே, எனக்கு மோட்டார் ஷெட்ட குடுங்க, போதும்’னான். நானா கேட்டேன்? ஊருக்கே தெரியுமே.”

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஒருவர் ஃபேனைப் பார்த்தார். ஒருவர் கைக்கடிகாரத்தை. அப்பன் வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் தடவினான். பொய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ரேணுகா தட்டிலிருந்த வாழைப்பழத்தை நேராக வைத்தாள். சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது இல்லை.

“பொண்ண உள்ள போகச் சொல்லுப்பா” என்றார் ராஜாங்கம்.

வேல்முருகன் “உள்ள போ” என்றான். அவள் போகவில்லை. காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஜெயசீலனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“தாத்தா, ஒரு பொண்ணுக்கு தாய்மாமன் செத்துட்டா, யார கேப்பீங்க?”

முறை என்று யாராவது கேட்டுவிட்டால் ஜெயசீலனுக்கு உடம்பே நிமிர்ந்துவிடும். எதற்குக் கேட்கிறாள், எங்கே கொண்டுபோகிறாள் என்று பார்க்கவெல்லாம் அவனுக்குப் புத்தி ஓடாது. “மாமன் இல்லன்னா பெத்தவளத்தான் கேக்கணும். அதான் முறை” என்றான் கம்பீரமாக.

“அப்ப எங்கம்மாவ கேளுங்க. எனக்கு மாமன் இல்ல. செத்துட்டாரு.”

சகாதேவன் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

ரேணுகாவின் கையிலிருந்து தட்டு சரிந்தது. வெற்றிலையும் பாக்கும் பழமும் ஹால் முழுக்க உருண்டன. கூடப்பிறந்தவனை உயிரோடு வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லிவிட்டாளே என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாவு வீட்டு அழுகைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

ஜெயசீலன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். “நல்லது பேசற எடத்துல சாவு வார்த்த வந்துடுச்சு. இன்னிக்கு ஆவாது.” அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் செருப்பைத் தேடினார்கள். ஒரு நல்ல பெண்ணை ஒரு குடிகாரனுக்குக் கொடுக்க உதவி செய்வதில் அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு தயக்கமும் இருந்ததில்லை. ஒரு சொல்லுக்கு நடுங்கினார்கள். ராஜாங்கமும் நடுங்குகிறவர்தான், ராகு காலத்தில் மோட்டாரைக்கூடப் போட விடமாட்டார். இன்னொரு நல்ல நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த வெற்றிலையில் கால் படாமல் தாண்டித் தாண்டிப் போனார். மணிகண்டனுக்கு என்ன நடந்ததென்றே தெரியவில்லை. “முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டான்.

எல்லோரும் போனதும் வேல்முருகன் மகளை அடிக்கக் கை ஓங்கினான். அப்போது அவன் போன் அடித்தது, லாரிக்காரன். பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான். அவன் கோபத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

இன்னொரு நல்ல நாள் வரவில்லை. மறு வாரம் ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் பெண் பேச மாட்டார்கள். பிறந்த இரண்டாம் நாள் பூவிழி பையை எடுத்துக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினாள். சகாதேவன் காலில் விழுந்து சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள் என்று ரேணுகா பஸ் வரும் வரை கெஞ்சிக்கொண்டிருந்தாள். மகள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் ராஜாங்கம் திண்டிவனம் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் பெண் பிடித்துவிட்டார். அந்தப் பெண் பாவம். பேனர் அதே முனையில்தான் கட்டினார்கள், வேல்முருகனும் அதில் இருந்தான். மோட்டார் ஷெட் வேறொருவனுக்குப் போனது. விற்க ஒன்றும் மிச்சமில்லாத சகாதேவனை ராஜாங்கம் எதற்கு நிழலில் வைத்திருக்க வேண்டும்? அவன் மறுபடி உப்பு வாருகிறான்.

வேல்முருகன் இப்போது டீக்கடையில், ‘பொண்ணு பாண்டில பெரிய ஆஸ்பத்திரில டாக்டருக்கு அடுத்த பொசிஷன்’ என்கிறான். அப்படி ஒரு பொசிஷன் கிடையாது என்று நான் சொன்னேன். அவனுக்குக் காதில் விழவில்லை.

பூவிழி மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாள். அம்மாவுக்கு மாத்திரை, கொஞ்சம் பழம். பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் முன்பெல்லாம் தெருவில் யாரைக் கண்டாலும் தூரத்திலேயே முகம் மலரும். இப்போது எதிரே வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று முதலில் பார்த்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகுதான் சிரிக்கிறாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள். அதில் தப்பில்லை.

போன மாதம் அவள் திரும்பிப் போகும்போது நானும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கூட்டம். சகாதேவன் அளத்திலிருந்து நேராக வந்திருந்தான். முழங்கால் வரை வெள்ளையாக உப்பு காய்ந்திருந்தது. பஸ் வந்து நின்றதும் முண்டியடித்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் போய் நின்று, “கண்ணு, மாமாடா... ஒரு நிமிஷம்” என்றான்.

பூவிழி அவனைப் பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கூட்டத்தில் வழி மறிக்கிற எவனோ ஒருவனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே. ஏறணும்.”

அவன் தள்ளி நின்றான்.